இரவல் நெஞ்சு

அன்றைக்கு ஒன்பதாயிரம் பேர் தெய்வநாயகத்தின் நெஞ்சைக் கையில் கட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்தார்கள். விஷயம் தெய்வநாயகத்துக்கே அரைமணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

தப்பு அவருடையதுதான். அவர் வாழ்க்கையில் நடந்த தப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வேறு ஆள் தேட வேண்டிய அவசியம் வந்ததில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நாடியை அளக்கும் வில்லை ஒன்றைத் தன் மார்பிலேயே ஒட்டி லைன் வேலை செய்கிறதா என்று சோதிப்பது கண்ட்ரோல் ரூம் வழக்கம். சோதித்து முடித்ததும் விசையை ஆட்டக்காரர் பக்கம் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் பசி வந்துவிட்டது. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பார் பை வழுக்கி, கட்டுப்பாட்டுப் பலகை மேல் விழுந்து, உடைந்து, பொத்தான்களுக்கு நடுவே பாசனம் செய்தது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அந்தப் பலகையின் விலையை அவரிடம் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். கைக்குட்டையால் துடைத்தார். அது போதாமல் துண்டு, பிறகு சட்டை முனை. விசை மறந்தே போனது.

கீழே மைதானம் அலறியது.

தெய்வநாயகம் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நெல்லை அணியின் தொடக்க ஆட்டக்காரன் ஜெபசிங், பந்தை மிட்-ஆஃப் பக்கம் மெதுவாகத் தட்டிவிட்டுக் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அதற்குப் போய் ஒன்பதாயிரம் பேர் எழுந்து நின்று கத்துகிறார்கள். சாம்பார் ஏதாவது ஒயருக்குள் போய்விட்டதோ என்று அவருக்கு நெஞ்சு படபடத்தது. கூட்டம் இன்னும் ஒரு மடங்கு கூடுதலாகக் கத்தியது.

இந்தக் கூட்டத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. மூன்று வருடத்துக்கு முன்னால், மாவட்டங்களுக்கு இடையே நடக்கும் ஆட்டம் என்றால் நாற்பது பேர் வருவார்கள். முக்கால்வாசி ஆட்டக்காரர்களின் சொந்தபந்தம், மீதி நிழலுக்கு ஒதுங்கியவர்கள். புது ரசிகர்களைப் பிடிக்கச் சங்கம் செய்யாதது இல்லை. ஓவரைக் குறைத்தார்கள், பந்துக்கு நிறம் மாற்றினார்கள், இடைவேளையில் தவில் வைத்தார்கள். தவில்காரரின் வீட்டார் கூடுதலாக நாலு பேர் வந்ததுதான் பலன். அப்புறம் சென்னையிலிருந்து மிருணாளினி என்று ஒரு அதிகாரி வந்தார். முதல் கூட்டத்திலேயே அவர் சொன்னது தெய்வநாயகத்துக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கிரிக்கெட் தெரியாதவங்களை எதுக்கு கிரிக்கெட் பாருங்கன்னு கூப்பிடணும்? அவங்களுக்குப் பயத்தைக் கொடுப்போம். பயம் எல்லாருக்கும் புரியும்."

அப்படி வந்ததுதான் நாடி லீக். ஆட்டக்காரர் மார்பில் காசளவு வில்லை. பார்வையாளர் மணிக்கட்டில், வாசலில் மாட்டிவிடுகிற பட்டை. மட்டை பிடிப்பவரின் நெஞ்சு எப்படி அடிக்கிறதோ, அதே அடி உங்கள் மணிக்கட்டில் விரலால் தட்டுகிற மாதிரி விழும். பந்துவீச்சாளர் ஓடி வரும்போது அந்தத் தட்டு வேகமெடுக்கும்; உங்களை அறியாமல் உங்கள் நெஞ்சும் கூடவே ஓடும். எல்.பி.டபிள்யூ என்றால் ஏதோ அரசாங்க அலுவலகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேன் பிடித்து வந்தார்கள். கண் தெரியாதவர்களுக்கென்று ஒரு தனி வரிசையே நிரம்பியது.

நல்ல விஷயம்தான். ஆனால் கூட்டம் எதைக் கேட்கிறதோ, ஆட்டக்காரன் அதைத்தானே கொடுத்தாக வேண்டும்? ரன்னோடு துடிப்புப் புள்ளியும் சேர்ந்தது. நெஞ்சு வேகமாக அடிக்கிறவனுக்குச் சம்பளம் ஏறியது. அடிக்காதவனுக்கு அணியில் இடமில்லை. ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஆட வந்தான். ஒருவனுக்கு மூன்று டம்ளர் ஸ்ட்ராங் காபி கொடுத்து இறக்கினார்கள். இன்னொரு அணி, தங்கள் கேப்டனின் மாமனாரை, மட்டை பிடிப்பவரின் கண்ணுக்கு நேரே, சைட் ஸ்கிரீன் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது; அதற்குப் பலன் அபாரமாக இருந்தது.

ஜெபசிங் மட்டும் சலூனில் பேப்பர் படிக்கிற மாதிரி ஆடுவான். ரன் குவியும், நெஞ்சு அசையாது. அவன் ஆட வந்தால் ஜனங்கள் பட்டையைத் தளர்த்திவிட்டு முறுக்கு வாங்கப் போய்விடுவார்கள்.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. தெய்வநாயகம் திடுக்கிட்டார். மைதானம் "ஓ" என்றது.

மிருணாளினி உள்ளே வந்தார். நாலு மாடி ஏறிய களைப்பு அவர் முகத்தில் இல்லை. "நாயகம் சார்! பார்த்தீங்களா? ஜெபசிங்குக்கு இன்னைக்கு என்ன ஆச்சு? நான்-ஸ்ட்ரைக்கர் பக்கம் நிக்கும்போதுகூட அடிக்குது! நூத்தி நாற்பது!"

அப்போதுதான் தெய்வநாயகம் விசையைப் பார்த்தார். அது இன்னும் சோதனை லைனிலேயே இருந்தது. சோதனை லைன் அவருடைய மார்பில் இருந்தது. அவர் மார்பு சாம்பாரில் இருந்தது.

"மேடம், அது வந்து..."

"இந்த மேட்சோட அவனைத் தூக்கறதா நேத்து முடிவு பண்ணிட்டோம், தெரியுமா? நான்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. நல்ல பையன். நல்லவேளை, பொழைச்சுக்கிட்டான்." சொல்லிவிட்டு நிறுத்தினார். "என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"சாம்பார் கொட்டிட்டு, மேடம்" என்றார் தெய்வநாயகம். அது உண்மைதான். உண்மையில் ஒரு பகுதி.

"துடைச்சிடுங்க" என்று சொல்லி மிருணாளினி போய்விட்டார்.

ஆட்டம் முடிந்து வாசல் டீக்கடையில் ஜெபசிங் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். மிட்-ஆஃப்ல சும்மா தட்டுனதுக்கு எதுக்கு எல்லாரும் அப்படிக் கத்துனாவ? கூட்டத்துக்கு மொத்தமா கோட்டி புடிச்சிட்டா?"

"உன் நெஞ்சு அடிச்சிருக்கும்டே."

"என் நெஞ்சா? அது அரசாங்க உத்தியோகம் பாக்குது அண்ணாச்சி. அவசரமே படாது." சுவரில் சாய்ந்து, பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, டீயில் இன்னொரு கரண்டி சீனி போடச் சொன்னான். "ஆனா நல்லதாப் போச்சு. இல்லன்னா உடன்குடிக்குப் போயி மாமா கருப்பட்டிக் கடையில ஈ ஓட்டிக்கிட்டிருக்கணும்."

"பந்து போடுதவன் மூஞ்சிக்கு நேரா எறியுதானே, உனக்கு ஒண்ணுமே ஆகாதாடே?"

"ஆகும். ஹெல்மெட்டுக்குள்ள மூக்கு அரிக்கும்."

ஜெபசிங்கிடமிருந்து நேரான பதில் வாங்கியவர் அந்த ஊரில் கிடையாது.

அடுத்த ஆட்டத்தில் லிஃப்ட் ஓடியது. சாம்பாரும் கொட்டவில்லை. ஆனாலும் ஜெபசிங் மட்டை பிடிக்கும்போதெல்லாம் விசை சோதனை லைனுக்கே போனது. ஒரு நல்ல பையனின் பிழைப்பு போகாமல் காப்பாற்றுகிறேன் என்று தெய்வநாயகம் தனக்குச் சொல்லிக்கொண்டார். அதில் முக்கால் பங்கு நிஜம். மீதிக் கால் பங்கு என்னவென்றால், பள்ளிக்கூட அணியில் தண்ணீர் பாட்டில் தூக்கியதைத் தாண்டி அவர் மைதானத்துக்குள் போனதே இல்லை. இன்றைக்கு அவருடைய நெஞ்சுக்கு ஒன்பதாயிரம் பேர் விசிலடிக்கிறார்கள். விசிலுக்கு மயங்காத நெஞ்சு எது?

நடிக்க வேண்டிய கஷ்டமும் இல்லை. அகப்பட்டுக்கொள்வோமே என்கிற பயம் ஒரு பக்கம், பையன் அவுட்டாகிவிடுவானே என்கிற பயம் ஒரு பக்கம். பிறந்ததிலிருந்தே பயத்தில் அவருக்கு நல்ல கைராசி. நாளிதழில் "நெல்லையின் இதயத் துடிப்பு" என்று ஜெபசிங் படம் வந்தது. நெல்லை இறுதி ஆட்டம் வரை போனது.

அதற்கு முந்தைய வாரம்தான் தெய்வநாயகத்தின் மனைவி சண்முகக்கனி, காலனிப் பெண்களோடு வேனில் போய் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தாள். அதுவரை கிரிக்கெட் என்றால் சீரியலை மறைக்கிற சனியன் என்பது அவள் அபிப்பிராயம். சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, அந்த ஜெபசிங்குப் பையனுக்கு எத்தனை வயசு?"

"இருபத்தாறு. ஏன்?"

"இருபத்தாறு வயசுப் பையனுக்கு நாப்பத்தெட்டு வயசு நெஞ்சு எப்படி வந்துச்சு?"

தெய்வநாயகம் டிவியின் ஒலியைக் கூட்டினார். அவள் எழுந்து வந்து அணைத்தாள்.

"பட்டையக் கட்டுனதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. பக்கத்துல புஷ்பம் அக்கா 'ஐயோ ஐயோ'ங்காவ. எனக்கு மட்டும் உறக்கம் உறக்கமா வருது. என்னடான்னு பாத்தா, இருவது வருசமா நான் தலை வச்சுப் படுத்த நெஞ்சு. வேகமா நாலு அடிச்சிட்டு நடுவுல ஒண்ணு முழுங்கும். எங்கப்பாட்ட பொண்ணு கேக்க வந்தன்னைக்குச் சட்டைக்கு மேலயே தெரிஞ்சுதே, அந்த அடி." கீரைக் காம்பை முறித்தாள். "சொல்லுங்க. அது உங்களோடதுதான?"

அவர் சொன்னார். சாம்பாரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கனி திட்டுவாள் என்று பார்த்தார். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்தப் பையனோட நெஞ்சு எங்க?"

தெய்வநாயகத்துக்குச் சட்டென்று புரியவில்லை.

"உங்க நெஞ்சத்தான் எல்லாரும் பாக்கோம். அவன் நெஞ்ச யாரு பாக்கா?"

மறுநாள் கண்ட்ரோல் ரூமில், பலகையின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்த சின்னத் திரையைத் தெய்வநாயகம் முதன்முறையாக உட்கார்ந்து பார்த்தார். ஆட்டக்காரரின் அசல் கணக்கு அங்கே ஓடும், வேறெங்கும் ஓடாது. பயிற்சிக்காக ஜெபசிங் வில்லையோடு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். ஓட ஆரம்பிக்கும்போது ஐம்பத்திரண்டு. ஒரு சுற்று முடித்தபோது நாற்பத்தேழு.

ஓடினால் ஏற வேண்டாமோ?

கீழ்த்தளத்து முதலுதவி அறையில் டாக்டர் பெனிட்டா நாளிதழை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். தெய்வநாயகம் ஒரு நண்பருக்காகக் கேட்பதாகச் சொன்னார். சொன்ன விதத்தில் நண்பரே இல்லாதவர் போலத் தெரிந்தார்.

"ஓடும்போது நாடி இறங்குதா? அப்ப ஒண்ணு மெஷின் ரிப்பேர், இல்லன்னா மனுஷன் ரிப்பேர்."

"மெஷின் நல்லாருக்கு டாக்டர்."

விசிறுவதை நிறுத்தினார் பெனிட்டா. "நெஞ்சுக்குள்ள தாளம் போடுத எடம் ஒண்ணு இருக்கு சார். அங்க கரண்ட் விட்டு விட்டு வந்தா, நெஞ்சு அடிக்க மறந்துரும். மூணு செகண்டு மறந்தா தலை சுத்தும். அஞ்சு ஆறு செகண்டுன்னா நின்ன நிலையில விழுவான். ரோட்டு நடுவுல விழுந்தா என்ன ஆகும்? உங்க பிரண்ட இப்பமே கூட்டிட்டு வாங்க. நெஞ்சுல பேஸ்மேக்கர்னு ஒரு சின்ன மெஷின் வச்சா சரியாப் போயிரும்."

"நம்ம பையங்களுக்கு அப்படி எதும்னா, உங்களுக்குத் தெரிஞ்சிருமா டாக்டர்?"

"தெரியாம? அதுக்குத்தான இத வச்சிருக்கு." மேசை மேலிருந்த திரையைப் பெருமையாகத் திருப்பிக் காட்டினார். "கூட்டத்துக்குப் போற அதே லைன்தான் எனக்கும். போன மேட்சு ஜெபசிங் கணக்கப் பாருங்க. குதிரை மாதிரி இருக்கு."

தெய்வநாயகம் பார்த்தார். அவருடைய நெஞ்சுதான், நாலு அடித்து ஒன்றை விழுங்கிக்கொண்டு, ஊரை ஏமாற்றிக்கொண்டு, குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் தன் வேலை போகும், பையனின் இடம் போகும், அவன் மாநில அணிக்குப் போகிற வாய்ப்பும் போகும். இறுதி ஆட்டத்துக்குத் தேர்வாளர்கள் வருவதாகப் பேச்சு. முதலில் அவனிடமே பேசுவோம் என்று வலைப்பயிற்சிப் பக்கம் போனார். கோழைகளுக்கு இப்படி ஒரு இடைவழி எப்போதும் கிடைத்துவிடும்.

"ஜெபா, டாக்டரம்மாட்ட ஒருதடவ காட்டிருடே."

"எதுக்கு? அவ்வோளுக்கு உடம்பு சரியில்லையா?"

"விளையாடாத. உனக்குத் தலை சுத்துதா இல்லையா?"

"பூமியே சுத்துதுங்காவ. நான் மட்டும் சுத்தாம நின்னா மரியாதையா இருக்குமா அண்ணாச்சி?"

"ஏல, நான் மேடத்துட்ட சொல்லிருவேன்."

ஜெபசிங் கால்காப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவரைப் பார்த்தபோது முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. "சொல்லுங்க. என்னன்னு சொல்லுவிய?"

தெய்வநாயகத்துக்கு வேர்த்தது.

"பைனல் முடியட்டும் அண்ணாச்சி. ஒரே ஒரு மேட்சு. அப்புறம் நீங்க எந்த ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டாலும் வாரேன். ஆட்டோக் காசும் நானே குடுக்கேன்."

சனிக்கிழமை சாயங்காலம் இறுதி ஆட்டம். தூத்துக்குடி அணி முதலில் ஆடி, நல்ல எண்ணிக்கை வைத்திருந்தது. மைதானத்தில் எள் விழ இடமில்லை. கண் தெரியாதவர்கள் வரிசையில் எல்லோரும் மணிக்கட்டைக் கன்னத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். புஷ்பம் அக்கா கோஷ்டியோடு கனியும் கீழே இருந்தாள். மிருணாளினி கண்ட்ரோல் ரூமிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். அதனால் தெய்வநாயகம் விசையைச் சோதனை லைனுக்குத் தள்ளும்போது நெஞ்சு தாறுமாறாக அடித்தது. கூட்டம் அந்த அடியை ரசித்தது.

ஜெபசிங் அழகாக ஆடினான். அதுதான் கொடுமை. ரன் ஏற ஏறச் சின்னத் திரையில் எண் இறங்கியது. நாற்பத்தைந்து. நாற்பத்தொன்று. இரண்டு ரன் ஓடி முடித்து மட்டையை ஊன்றிக் குனிந்து நின்றான். கூட்டத்தின் மணிக்கட்டில் நூற்றைம்பது. அவன் தண்ணீர் கேட்டு வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டான். முப்பத்தெட்டு.

தூத்துக்குடியின் வேகப்பந்துவீச்சாளன் திரும்ப வந்தான். நெட்டையன். மூஞ்சிக்கு எறிவதற்கென்றே அவனைக் கூட்டம் காசு கொடுத்துப் பார்க்கும். முதல் பந்து ஜெபசிங்கின் காதோரம் சீறிப் போனது. அவன் விலகவே இல்லை. தைரியம் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. தெய்வநாயகத்துக்கு மட்டும் தெரியும்: பையன் பந்தைப் பார்க்கவில்லை. சின்னத் திரையில் கோடு படுத்துக் கிடந்துவிட்டு, நேரம் கழித்து ஒருமுறை எழுந்தது.

"மேடம், ஆட்டத்த நிறுத்தணும்."

"என்னது?"

"ஜெபசிங்குக்கு உடம்பு சரியில்ல. நாடி முப்பத்தாறு."

மிருணாளினி பெரிய திரையைப் பார்த்தார். "நூத்தி ஐம்பத்தெட்டு காட்டுதே."

"அது என்னோடது."

சட்டைப் பொத்தானை அவிழ்த்துக் காட்டினார். வேர்வையில் ஊறி, நரைத்த ரோமத்துக்கு நடுவே வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. மிருணாளினி அதையே பார்த்தார்.

"எத்தனை மேட்சா?"

"சாம்பார் கொட்டுன நாள்ல இருந்து."

இரண்டாவது பந்து. ஜெபசிங் மட்டையைத் தாமதமாகத் தூக்கினான். பந்து தோளில் பட்டது. கூட்டம் "ஆ!" என்றது.

மிருணாளினி எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் பேசும்போது குரல் ஆடவில்லை. "சரி. ஓவர் முடியட்டும். இன்னும் நாலு பந்து. முடிஞ்ச உடனே டாக்டரை உள்ள அனுப்புவோம். தசைப்பிடிப்புன்னு சொல்லி வெளிய கூட்டிட்டு வந்துடலாம்."

"நாலு பந்து தாங்க மாட்டான் மேடம்."

"நாயகம், யோசிங்க. இப்ப நடுவுல நிறுத்தி இதைச் சொன்னா லீக்கையே மூடிடுவாங்க. நானூறு பசங்க இதை நம்பிச் சம்பளம் வாங்குறாங்க. ஜெபசிங்கும்தான். பழையபடி நாற்பது பேருக்கு முன்னாடி ஆடணுமா அவங்க?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. தெய்வநாயகம் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். பந்துவீச்சாளன் பந்தைக் கால்சட்டையில் தேய்த்தபடி தூரத்துக்கு நடந்துகொண்டிருந்தான். அவன் திரும்பி ஓடிவர ஆரம்பித்தால், ஒரு குருட்டு நிமிடத்தில் நிற்கிறவனின் முகத்துக்கு அந்தப் பந்து வரும். கத்தினால் நாலு மாடிக்குக் கீழே கேட்காது. போன் செய்தால் டாக்டரின் திரை "குதிரை" என்று சாதிக்கும்.

சின்னத் திரையில் கோடு மறுபடியும் படுத்துக்கொண்டது.

தெய்வநாயகம் விசையைத் திருப்பினார்.

முதலில் சத்தம் குறைந்தது. மேற்கு வரிசையில் ஒருவர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். பட்டை கெட்டுவிட்டதோ என்று பக்கத்து ஆளிடம் காட்டினார். பக்கத்து ஆளும் தன்னுடையதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். தட்டு ஒன்று விழுந்தது. ஜனங்கள் அடுத்ததற்குக் காத்தார்கள். வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு ஒன்று, யாரோ வாசலில் தயங்கி நின்று தட்டுகிற மாதிரி, மெல்ல விழுந்தது. தவில் நின்றது. முறுக்கு விற்கிறவர் கூடையை இறக்கி வைத்தார். ஆடுகளத்துச் சட்டதிட்டம் ஒன்றும் தெரியாத அத்தனை பேருக்கும் கையில் விழுவது என்ன என்று தெரிந்துவிட்டது. தாயின், தகப்பனின், பிள்ளையின் மார்பில் கை வைத்துப் பார்க்காதவர் யார்?

கண் தெரியாதவர்கள் வரிசையிலிருந்துதான் முதல் குரல் வந்தது. "ஏ நிறுத்துங்கல! அந்தப் பையன் விழப் போறான்!"

மொத்த மைதானமும் எழுந்தது. "நிறுத்து, நிறுத்து" என்கிற ஒரே குரல். ஓட்டத்தின் பாதியில் இருந்த பந்துவீச்சாளன் மிரண்டு நின்றான். நடுவர் கையைத் தூக்கினார். அவர் தூக்குவதற்கு முன்னாலேயே கீழ்த்தளத்திலிருந்து டாக்டர் பெனிட்டா செருப்பை உதறிவிட்டு ஓடிவருவது தெரிந்தது.

ஜெபசிங் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். என்ன விசேஷம் என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு மட்டை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மினரல் வாட்டர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் திருகிக்கொண்டிருந்த தெய்வநாயகத்தின் பக்கத்தில் மிருணாளினி வந்து உட்கார்ந்தார். கனி எதிர்ப்பக்கத்து பெஞ்சிலிருந்து இருவரையும் கண்காணித்தாள்.

"தற்காலிகமா மெஷின் வச்சுட்டாங்களாம். நாளைக்கு நிரந்தரமா வைப்பாங்க. அப்புறம் ஆடவும் ஆடலாம்னு டாக்டர் சொல்றாங்க" என்றார் மிருணாளினி. "மைதானத்தை விட்டு இன்னும் யாரும் போகல. பட்டையைத் திருப்பிக் கொடுக்க மாட்டேங்கிறாங்க. லைன் நின்னதால செத்துட்டான்னு நினைக்கிறாங்க. நல்லா இருக்கான்னு ஸ்பீக்கர்ல சொன்னேன். யாரும் நம்பல. உங்க புண்ணியத்துல."

"என்னைய வேலைய விட்டு எடுத்துருவீங்களா மேடம்?"

"பின்னே? என்னையும்தான் எடுப்பாங்க." பாட்டிலை வாங்கித் திறந்து அவர் கையில் கொடுத்தார். "விளம்பரக் கம்பெனிக்காரர் போன் பண்ணார். கடைசி அரை நிமிஷத்தைத்தான் சீசன்லயே அதிகம் பேர் பார்த்தாங்களாம். அடுத்த வருஷமும் அந்த மாதிரி ஏதாவது பண்ண முடியுமான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னிய?"

"போனை வச்சுட்டேன்." பாட்டில் மூடியை விரலில் உருட்டினார். "நாலு பந்துன்னு சொன்னேன் இல்ல, நாயகம்?"

தெய்வநாயகம் பாட்டிலை அவரிடமே நீட்டினார். நர்ஸ் வந்து, ஒரு ஆள் மட்டும் போகலாம் என்றாள். மிருணாளினி அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜெபசிங் ஒயர்களுக்கு நடுவே படுத்திருந்தான். தலைமாட்டுத் திரையில் எழுபது, ஒழுங்கான எழுபது.

"நாட்-அவுட்தான அண்ணாச்சி?"

"நாட்-அவுட். ஆனா நீ தோத்துட்ட. ஆட்டத்த ரத்து பண்ணிட்டாவ."

"ரெண்டும் எப்படி ஒண்ணா நடக்கும்?"

"எனக்கு என்ன தெரியும், நான் பாட்டில் தூக்குனவன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உனக்கு முதல்லயே தெரியும், என்னடே? அது உன் நெஞ்சு இல்லன்னு."

"கூட்டம் கத்துன தினுசுலயே தெரிஞ்சுது. யாருன்னுதான் தெரியல. டீக்கடையில நீங்க புடிச்சிருந்த கிளாசுல டீ தளும்புனதப் பாத்தேன். அதுவும் தெரிஞ்சுபோச்சு."

"பெறகு ஏம்ல சொல்லல? செத்திருப்பியே! நான் உன்னக் கொன்னுருப்பேனே!" குரல் உடைந்தது. அவர் அதை இருமலாக மாற்றப் பார்த்தார், சரியாக வரவில்லை.

ஜெபசிங்கின் முகத்தில் வழக்கமான சிரிப்பு தயாராவது தெரிந்தது. உதடு வரை வந்தது. பிறகு எங்கோ போய்விட்டது.

"சொன்னா வெளிய போடுவாவ, அது ஒண்ணு." கூரையைப் பார்த்துப் பேசினான். "இன்னொண்ணும் இருக்கு அண்ணாச்சி. நான் பயப்படாதவன்னே எல்லாரும் சொன்னாவ. கோச்சு சொன்னாரு, பேப்பர்ல போட்டாவ. அது எனக்கு எப்படி இருக்கும்னு ஒருத்தரும் கேக்கல. பந்து போடுதவன் ஓடி வாரப்போ எனக்குக் கை ஆடும். அது தெரியக் கூடாதுன்னு கிளவுச இழுத்து இழுத்து விடுவேன். இந்த நெஞ்சு மட்டும் எதையும் காட்டிக் குடுக்காது. கெட்டுப்போயில்லா கெடந்துருக்கு. உங்க நெஞ்சு அடிச்சப்பதான் கூட்டம் சரியான எடத்துல கத்துச்சு. நான் எங்க பயந்தேனோ அங்க. எனக்காக யாரோ பயந்துக்கிட்டு இருக்காவன்னு நெனச்சேன். அத விட மனசு வரல."

தலைமாட்டில் எந்திரம் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. தெய்வநாயகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"எந்தப் பந்துக்குடே அவ்வளவு பயந்த?"

"எல்லாப் பந்துக்கும் அண்ணாச்சி."